பீரங்கிக் குண்டு முதல் கொத்தவரங்காய் வரை

காவிரிப் படுகையில் மீத்தேன் எதிர்ப்புப் போராட்டம் சூடுபிடித்த நாட்களில்தான் 'நீரியல் விரிசல்' என்ற பெயர் தமிழ்நாட்டில் பரவலாக அடிபடத் தொடங்கியது. பூமிக்குள் பல ஆயிரம் அடி ஆழத்துக்குத் துளையிட்டு, தண்ணீரையும் மணலையும் வேதிப்பொருட்களையும் கடும் அழுத்தத்தில் செலுத்தி, பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் முறை அது. செங்குத்தாக இறங்கிப் பக்கவாட்டில் திரும்பும் குழாயின் படம் துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இந்த நூற்றாண்டில் அமெரிக்கர்கள் கண்டுபிடித்த புது வித்தை என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் இதன் வயது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஒருவரைக் கைகாட்டவும் முடியாது. உள்நாட்டுப் போரில் வெடித்த பீரங்கிக் குண்டு, உலகப் போரின் தீக்குண்டு, டாங்கியைத் துளைத்த ஆயுதம், ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தும் பிசின், பேஸ்பால் ஆட்டம் பார்க்கப்போன இடத்தில் நடந்த அரட்டை என்று வழியில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு வளர்ந்த வித்தை இது.

முதலில் பாறையைப் பற்றி. 1821இல் நியூயார்க் மாநிலத்தின் ஃபிரடோனியா என்ற சிற்றூரில் வில்லியம் ஹார்ட் என்ற துப்பாக்கித் தொழிலாளி, ஓடையில் குமிழிட்டு வந்த வாயுவைக் கவனித்தார். நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் வாயு. ஓடைக்கரையில் 27 அடி ஆழத்துக்குக் குழி தோண்டினார். கிடைத்த வாயு ஊரில் விளக்கெரிக்கப் பயன்பட்டது. அமெரிக்காவின் முதல் எரிவாயுக் கிணறு அதுதான். வாயு வந்தது ஷேல் என்ற களிமண் பாறையிலிருந்து. பழைய கடல்களின் அடியில் சேறும் நுண்ணுயிர்களும் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்தி இறுகிய பாறை அது. எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் பிறப்பது அதற்குள்தான். ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று சரியாக இணையாதவை. உள்ளே பிறந்ததில் பெரும்பகுதி உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். தப்பி மேலேறி மணற்பாறை போன்றவற்றில் தேங்கியதை எடுப்பதுதான் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு எண்ணெய்த் தொழிலாக இருந்தது.

1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் சுமார் 70 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டதும் அந்தப் பள்ளத்தாக்கே கிணறுகளால் நிறைந்தது. நன்றாகச் சுரந்த கிணறுகள் சில மாதங்களில் சோர்ந்துபோயின. எண்ணெயோடு வரும் மெழுகு பாறையின் இடுக்குகளை அடைத்துக்கொண்டது ஒரு காரணம். கிணற்றுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் போர்க்களத்திலிருந்து வந்து சேர்ந்தார் எட்வர்ட் ராபர்ட்ஸ்.

1862 டிசம்பரில் வர்ஜீனியாவின் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் நடந்த சண்டையில் வடக்குப் படையின் அதிகாரியாக இருந்தவர் அவர். எதிரிகளின் குண்டுகள் ஒரு வாய்க்காலுக்குள் விழுந்து வெடித்ததைப் பார்த்தார். வெட்டவெளியில் வெடித்தால் நாலாபக்கமும் சிதறிப்போகும் விசை, மேலே தண்ணீர் நின்று அமுக்கும்போது பக்கவாட்டில் பாய்வதை அவர் மனம் குறித்துக்கொண்டது. 1865 ஜனவரியில் டைட்டஸ்வில்லுக்கு வந்து அதைச் செய்தே காட்டினார். வெடிமருந்து அடைத்த இரும்புக் குப்பியைக் கிணற்றுக்குள் இறக்குவது. மேலே தண்ணீரை நிரப்புவது. ஓர் எடையைக் கம்பி வழியாக நழுவவிட்டுக் குப்பியின் தலையில் அடிக்கவைப்பது. வெடித்தது. பாறை கிழிந்தது. சோர்ந்திருந்த கிணறு மறுபடி சுரந்தது. விரிசல் உண்டாக்க வேண்டும், அதற்குத் தண்ணீரின் பாரம் உதவும் என்ற அடிப்படை இரண்டும் அப்போதே வந்துவிட்டன.

ராபர்ட்ஸ் காப்புரிமை வாங்கினார். கூடவே வெடிமருந்தை விட்டுவிட்டு நைட்ரோகிளிசரினுக்கு மாறினார். ஒரு குண்டுக்கு 100 முதல் 200 டாலர் கூலி. அதற்கு மேல், கூடுதலாகச் சுரக்கும் எண்ணெயில் பதினைந்தில் ஒரு பங்கு. கிணற்றுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. விளைவு, போலிகள். இருட்டியபின் முதுகுப்பையிலும் குதிரை வண்டியிலும் நைட்ரோகிளிசரினைச் சுமந்து வந்து, பாதிக் கூலிக்கும் கீழே கிணறு வெடித்துவிட்டுப் பொழுது விடிவதற்குள் கம்பி நீட்டும் ஆட்கள் ஊருக்கு ஊர் முளைத்தார்கள். கொஞ்சம் அதிர்ந்தாலே வெடிக்கும் திரவத்தை மேடுபள்ளமான காட்டுப்பாதையில் கொண்டுபோகும் வேலை. உடல்கூடக் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. ராபர்ட்ஸ் விடவில்லை. பிங்கர்ட்டன் துப்பறிவாளர்களை அமர்த்தி, வழக்குமேல் வழக்குத் தொடுத்தார். 1881இல் அவர் இறக்கும்வரை அமெரிக்க நீதிமன்றங்களுக்கு அவர் நல்ல வாடிக்கையாளராகவே இருந்தார்.

அடுத்த தாவல் வேதியியலில். 1890களில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹெர்மன் ஃபிராஷ், சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய கிணறுகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிப் பார்த்தார். அமிலம் பாறையை அரித்து வழி உண்டாக்கியது. கிணற்றின் இரும்புக் குழாயையும் சேர்த்தே அரித்தது. யோசனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கியது. அதை எழுப்பியவர்கள் எண்ணெய்க்காரர்கள் அல்ல. மிச்சிகனில் உப்புநீர்க் கிணறுகளிலிருந்து புரோமின் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த டவ் கெமிக்கல் நிறுவனம் அமிலத்தோடு பழகியது. 1932 பிப்ரவரியில் பியூர் ஆயில் நிறுவனத்துக்காக ஓர் எண்ணெய்க் கிணற்றில் 500 கேலன் அமிலத்தை இறக்கினார்கள். இரும்பைக் காப்பாற்ற அதில் ஆர்சனிக் சேர்த்திருந்தார்கள். செத்துக் கிடந்த கிணறு எண்ணெய் தந்தது.

இந்த அமில வேலைகளில்தான் ஒரு விநோதம் தென்பட்டது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் அளவுக்குமேல் பாறை திடீரென்று 'விட்டுக்கொடுத்து' திரவத்தை வேகமாக உள்வாங்கியது. அரிப்பதற்கு நேரமே ஆகவில்லை. ஆக, அமிலத்தின் வேலை அல்ல அது. ஓக்லஹோமாவில் ஸ்டானொலிண்ட் எண்ணெய் நிறுவனத்தில் இருந்த ஃபிளாயிட் ஃபாரிஸ், பல கிணறுகளில் பதிவான அழுத்தக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து முடிவுக்கு வந்தார். பாறை பிளக்கிறது, பிளப்பது திரவத்தின் அழுத்தம்.

அப்படியானால் வேண்டுமென்றே பிளந்தால் என்ன? 1947இல் கான்சாஸ் மாநிலத்தின் ஹியூகோடன் எரிவாயு வயலில், கிளெப்பர் எண் 1 என்ற கிணற்றில் முதல் சோதனை நடந்தது. பாறைக்குள் ஒழுகி மறைந்துவிடாத கெட்டியான திரவம் தேவைப்பட்டது. போர் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கெட்டியான திரவம் என்றாலே அப்போது நினைவுக்கு வருவது நேபாம். வைட்டமின் கே-யைச் செயற்கையாக உருவாக்கிய ஹார்வர்டு வேதியியலாளர் லூயி ஃபீசர், 1942இல் பெட்ரோலைக் கூழாக்கி உருவாக்கிய தீக்குண்டுக் கலவை அது. ஜப்பானிய நகரங்களைக் கரியாக்கிய அந்தக் கூழில் 1,000 கேலனை 2,400 அடி ஆழத்திலிருந்த சுண்ணாம்புப் பாறைக்குள் அழுத்தினார்கள். பிறகு கூழை இளக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பலன்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கிணறு முன்பு எவ்வளவு தந்ததோ அவ்வளவே தந்தது.

தோல்வியில் முடிந்த அந்தச் சோதனையைத்தான் இன்று உலகம் நீரியல் விரிசலின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. ஸ்டானொலிண்ட் மனம் தளராமல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அதைப் பயன்படுத்தும் உரிமத்தைக் கிணறுகளுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்த ஹாலிபர்ட்டன் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1949 மார்ச் 17 அன்று ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் ஒவ்வொரு கிணற்றில் வணிக ரீதியான முதல் வேலை நடந்தது. கட்டணம் ஆயிரம் டாலர் அளவில். எண்ணெயோடு மூட்டைக் கணக்கில் மணலும் போனது. மணல் எதற்கு என்றால், அழுத்தத்தை எடுத்த மறுகணம் மேலே இருக்கும் பாறையின் பாரத்தில் விரிசல் மூடிக்கொள்ளும். இடையில் சிக்கிய மணல் துகள்கள் முட்டுக் கொடுத்து அதைத் திறந்து வைக்கும். முதல் ஆண்டிலேயே 332 கிணறுகள் இந்த வைத்தியத்தைப் பார்த்தன. விளைச்சல் சராசரியாக 75 சதவீதம் கூடியது.

இங்கே இன்னொரு போர்க்கால விருந்தாளியையும் சொல்லிவிட வேண்டும். கிணற்றைச் சுற்றி இரும்புக் குழாயும் சிமெண்டும் இருக்கும்போது திரவம் பாறையைத் தொடுவது எப்படி? முன்பு எஃகுத் தோட்டாக்களைச் சுட்டுத் துளைத்தார்கள். ஹென்றி மோஹாப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், டாங்கியின் கவசத்தை உலோகப் பீச்சால் துளைக்கும் வெடியை உருவாக்கியவர்களில் ஒருவர். தோளில் வைத்துச் சுடும் பஸூக்காவின் உயிர்நாடி அந்த வெடிதான். போருக்குப் பின் அவர் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்து, டாங்கிக்குப் பதிலாகக் கிணற்றுக் குழாயைத் துளைக்கும் வெடியை வடிவமைத்தார். இன்றும் பெரும்பாலான விரிசல் வேலை அந்தக் குலத்து வெடியில்தான் தொடங்குகிறது.

பனிப்போர் என்ற திரை விழுந்திருந்த காலத்திலும் இந்த வித்தை அதைத் தாண்டிப் போனது. 1950களில் சோவியத் பொறியாளர்களும் எண்ணெய் வயல்களில் பாறையைப் பிளக்கத் தொடங்கிவிட்டார்கள். விரிசல் எவ்வளவு அகலம் திறக்கும், எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்கிடும் கோட்பாட்டை 1955இல் கிறிஸ்தியானொவிச், ஷெல்டொவ் என்ற இரண்டு சோவியத் அறிஞர்கள் வகுத்தார்கள். 1969இல் ஷெல் நிறுவனத்தில் இருந்த ஹீர்ட்ஸ்மா, டி கிளெர்க் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். ரஷ்யப் பெயரும் டச்சுப் பெயர்களும் ஒட்டிக்கொண்ட அந்தச் சூத்திரத்தை டெக்சாஸ் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

பெட்ரோலைக் கூழாக்கிக் கிணற்றில் அடிப்பது செலவும் ஆபத்தும் சேர்ந்த வேலை. 1953 வாக்கில் தண்ணீருக்கு மாறினார்கள். தண்ணீர் மலிவு, ஆனால் நீர்த்துப்போனது, மணலைச் சுமக்காது. அதைக் கெட்டிப்படுத்த ஒரு பிசின் வேண்டும். அந்தப் பிசின் வந்த வழிதான் நமக்குச் சுவாரசியம். நம் வீட்டில் பொரியலும் வற்றலுமாகும் கொத்தவரங்காய், வடஇந்தியாவில் குவார். பிஞ்சாக இருக்கும்போது காய்கறி. முற்றிய விதையில் இருப்பது தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஊதிப் பெருகும் பிசின். 1903இலேயே இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சோதனைப் பயிராகப் போய்ச் சேர்ந்திருந்தது. உலகப் போரில் மத்திய தரைக்கடல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த காரோப் மரத்துப் பிசினுக்குத் தட்டுப்பாடு வர, காகித ஆலைகள் மாற்றுத் தேடியபோது குவாருக்கு யோகம் அடித்தது. காகிதம், பிறகு ஐஸ்கிரீம், பிறகு எண்ணெய்க் கிணறு. 1962இல் குவார்க் கூழைப் போரேட் உப்பால் இன்னும் இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பதிவானது. வேலை முடிந்ததும் கூழை நொதியால் உடைத்துத் தண்ணீராக்கி மேலே எடுத்துவிடலாம்.

பிசினோடு மனிதன் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் அது அணுகுண்டுக்கும் அமைதியான வேலை தேடிய காலம். கெட்டியான மணற்பாறையில் சிக்கிய வாயுவை விடுவிக்க, 1967 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவில் 4,240 அடி ஆழத்தில் 29 கிலோ டன் அணுகுண்டை வெடித்தது அமெரிக்க அரசு. ஹிரோஷிமாவில் விழுந்ததைவிடப் பெரியது. 1969லும் 1973லும் கொலராடோவில் மறுபடி. பாறை உடைந்தது, வாயுவும் வந்தது, அதில் கதிரியக்கமும் கலந்து வந்தது. அந்த வாயுவைத் தன் வீட்டு அடுப்பில் எரிக்க யார் சம்மதிப்பார்? திட்டம் மூடப்பட்டது.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் வாஷிங்டன் தன் காலடியைப் பார்க்கத் தொடங்கியது. ஃபிரடோனியாவின் பழைய ஷேல் பாறை மறுபடி நினைவுக்கு வந்தது. 1976இல் கிழக்கு மாநிலங்களின் ஷேல் வாயுவை ஆராயும் அரசுத் திட்டம் தொடங்கியது. 1980இல் அப்படிப்பட்ட கடினமான வாயுவை எடுப்பவர்களுக்கு வரிச்சலுகை வந்தது. தனியார் துணிச்சலின் வெற்றி என்று பின்னாளில் பாடப்பட்ட கதையின் அடித்தளத்தில் வரிப்பணம் நிறையவே இருந்தது.

அந்தத் துணிச்சலுக்குச் சொந்தக்காரர் ஜார்ஜ் மிட்செல். அவர் தந்தை கிரீஸ் நாட்டின் நெஸ்தானி கிராமத்தில் ஆடு மேய்த்தவர். பெயர் சவ்வாஸ் பரஸ்கெவோபுலோஸ். அமெரிக்க ரயில்பாதை வேலையில் கூலி கொடுத்த மேஸ்திரிக்கு அந்தப் பெயரை எழுத முடியாமல் போக, தன் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்: மைக் மிட்செல். மகன் ஜார்ஜ் எண்ணெய்ப் பொறியியல் படித்து, டெக்சாஸில் நிறுவனம் நடத்தினார். சிகாகோவுக்கு எரிவாயு தருவதாக நீண்டகால ஒப்பந்தம். அதற்குத் தீனி போட்ட பழைய வயலோ வற்றிக்கொண்டிருந்தது. அதனால் 1981இல் ஃபோர்ட் வொர்த் பக்கம் பார்னெட் ஷேல் என்ற பாறையில் கை வைத்தார். பதினேழு ஆண்டுகள் பணம் கரைந்தது. வாயு வந்தது, போட்ட காசுக்குத்தான் வரவில்லை. குவார்க் கூழ் விலை அதிகம், தேவைப்படும் மணலும் மூட்டை மூட்டை.

திருப்பம் வந்தது ஒரு கோளாறில். 1997இல் நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் என்ற இளம் பொறியாளர் மேற்பார்த்த கிணற்றில் கூழ் சரியாகக் கலக்காமல் தண்ணீராகவே உள்ளே போய்விட்டது. பாழ் என்று எண்ணிய கிணறு மோசமில்லாமல் வாயு தந்தது. பிறகு பேஸ்பால் ஆட்டம் பார்க்கப்போன இடத்தில் வேறு நிறுவனத்து நண்பர் மைக் மேயர்ஹோஃபரோடு பேச்சு. கிழக்கு டெக்சாஸின் மணற்பாறைகளில் தாங்கள் கூழையே விட்டுவிட்டதாகவும், வெறும் தண்ணீரில் வழுவழுப்புக்குக் கொஞ்சம் மருந்தும் சிறிதளவு மணலும் போட்டு அடிப்பதாகவும் அவர் சொன்னார். களிமண் பாறையில் தண்ணீரை விட்டால் அது ஊறி அடைத்துக்கொள்ளும் என்பது அன்றைய வேதவாக்கு. ஸ்டைன்ஸ்பெர்கர் மேலதிகாரிகளை நச்சரித்து அனுமதி வாங்கினார். முதல் முயற்சிகள் சொதப்பின. 1998இல் எஸ்.எச். கிரிஃபின் எண் 4 என்ற கிணறு, கூழ்க் கிணறுகளையெல்லாம் மிஞ்சி மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் சுரந்தது. மெல்லிய தண்ணீர் கூழைப்போல ஒரே பெரிய பிளவை உண்டாக்காமல், பாறைக்குள் எண்ணற்ற மயிரிழை விரிசல்களாகப் பரவியிருந்தது. மலிவுக்காகச் செய்தது மேலானதாகவும் அமைந்துவிட்டது.

2002இல் டெவன் எனர்ஜி நிறுவனம் மிட்செலின் நிறுவனத்தை 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. டெவனுக்குக் கைவந்த கலை கிடைமட்டத் துளை. அதை எண்ணெய்த் தொழிலில் நடைமுறைப்படுத்தியதில் பெரும்பங்கு பிரான்ஸின் எல்ஃப் நிறுவனத்துக்கு. 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸின் லாக் வயலிலும் இத்தாலியக் கடலிலும் அது பக்கவாட்டில் துளையிட்டுக் காட்டியிருந்தது. பிரெஞ்சுத் துளையும் டெக்சாஸ் தண்ணீரும் சேர்ந்ததும் எல்லாம் தலைகீழானது.

இன்றைய வேலை நடக்கும் விதம் இது. இரண்டு மூன்று கிலோமீட்டர் இறங்கிய குழாய், ஷேல் அடுக்கைத் தொட்டதும் வளைந்து அதற்குள்ளேயே மூன்று கிலோமீட்டர் வரைகூடப் படுத்துப் போகும். மோஹாப்டின் வாரிசு வெடி கடைக்கோடியில் குழாயைத் துளைக்கும். மேலே வரிசையாக நிற்கும் பம்பு லாரிகள் ஒன்றுசேர்ந்து உறும, கலவை உள்ளே பாயும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 200, 300 மடங்கு அழுத்தம். முடிந்ததும் அந்தப் பகுதியை ஓர் அடைப்பால் மூடிவிட்டுக் கொஞ்சம் முன்னால் வந்து அடுத்த பகுதி. இப்படிப் பத்துக்கணக்கான தடவை. கலவையில் தண்ணீரும் மணலும் 99 சதவீதத்துக்கு மேல். மீதி சிறு பங்குதான், ஆனால் ஒரு கிணற்றுக்கே பல லட்சம் கேலன் தண்ணீர் என்னும்போது அந்தச் சிறு பங்கும் டன் கணக்கில் வரும்.

இந்த ஷேல் வெறி உலகின் எங்கெங்கோ எதிரொலித்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த உருண்டையான மணலுக்காகக் குன்றுகளைக் கரைத்தார்கள். பிறகு டெக்சாஸ்காரர்கள் உள்ளூர் மணல்மேட்டிலேயே திருப்திப்பட, விஸ்கான்சின் சுரங்கங்கள் பல காற்று வாங்கின. எண்ணெய் அடங்கிய ஷேலுக்குக் கூழ் இன்னும் தேவைப்பட்டதால் குவார் கிராக்கி ஏறியது. உலகக் குவாரில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தியாவில் விளைவது. அதிலும் பெரும்பங்கு ராஜஸ்தான். மாட்டுத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்த விதை தங்கம்போல் பதுக்கப்பட்டது. ஊக வணிகம் எல்லை மீறவே, 2012 மார்ச்சில் குவாருக்கான முன்பேர வர்த்தகத்தை அரசு நிறுத்தியது. குவாரின் விலையேற்றம் தன் லாபத்தைக் கடிக்கிறது என்று அமெரிக்காவில் ஹாலிபர்ட்டன் பங்குதாரர்களிடம் முறையிட்டது. 2012-13இல் குவார்ப் பிசின் ஏற்றுமதி 21,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அமெரிக்கர்கள் மாற்றுப் பொருளைத் தேடிக்கொண்டதும் குமிழி உடைந்தது. கடன் வாங்கி விதைத்த விவசாயிக்கு ஷேல் என்றால் என்னவென்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அமெரிக்கா 2018இல் உலகிலேயே அதிகம் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடானது. லூசியானாவின் சபைன் பாஸ் துறைமுகத்தில், வெளிநாட்டு எரிவாயுவை இறக்குமதி செய்வதற்காக 2008இல் திறந்த முனையத்தையே திருப்பிக் கட்டி 2016 முதல் ஏற்றுமதி செய்தார்கள். அங்கிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று 2018 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தாபோலுக்கு வந்தது. கொத்தவரைப் பிசின் போன திசையிலிருந்து வாயு திரும்பி வந்த கதை.

வெற்றியைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? போலந்து, ரஷ்ய வாயுவிலிருந்து விடுதலை என்று கனவு கண்டது. 2011இல் அமெரிக்க அரசு நிறுவனம் போட்ட மதிப்பீட்டை அடுத்த ஆண்டே போலந்தின் புவியியல் நிறுவனம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைத்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. இங்கிலாந்தில் பிளாக்பூல் அருகே 2011இல் சிறு நிலநடுக்கம், 2019இல் மறுபடி 2.9 அளவில் ஓர் அதிர்வு, வேலை நிறுத்தப்பட்டது. கிடைமட்டத் துளைக்கு வழிகாட்டிய பிரான்ஸ் 2011இலேயே தடை விதித்தது. முதல் ஷேல் கிணறு தோண்டிய நியூயார்க் மாநிலமும் 2014இல் தடையை அறிவித்தது. சீனா ஃபூலிங்கிலும் அர்ஜென்டினா வாகா முயெர்தாவிலும் ஓரளவு சாதித்தன.

ஏன் இந்த வேறுபாடு? பாறையின் குணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உடைமை. அமெரிக்காவில் பெரும்பாலும் நிலத்தின் சொந்தக்காரருக்கே அடியில் இருக்கும் கனிமமும் சொந்தமாகலாம். கிணறு வந்தால் சத்தமும் லாரியும் வரும். கூடவே மாதா மாதம் காசோலையும் வரும். மற்ற நாடுகளில் அடியில் இருப்பது பெரும்பாலும் அரசுடையது. அங்கே நிலத்தில் வாழ்பவருக்குச் சத்தமும் லாரியும் மட்டுமே மிஞ்சும்.

அமெரிக்காவிலும் கணக்கு நேராகவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம், டீசல் கலக்காத விரிசல் வேலையைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. ஹாலிபர்ட்டனின் தலைவராக இருந்த டிக் செனி அப்போது துணை அதிபர். 2016இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சில சூழல்களில் இந்த வேலை குடிநீரைப் பாதிக்கக்கூடும் என்று முடிவு சொன்னது. ஓக்லஹோமாவில் எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரை வேறு ஆழ்கிணறுகளில் திரும்பச் செலுத்தியதால் நிலம் ஆடத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் பவ்னீ ஊரில் 5.8 அளவு நிலநடுக்கம். வணிக விரிசல் முதலில் நடந்த இரண்டு மாநிலங்களில் ஒன்று இது.

தமிழ்நாட்டுக்கு வந்தது ஷேலின் ஒன்றுவிட்ட தம்பி. மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகையில் தங்கிய மீத்தேனை எடுக்க 2010இல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. நிலக்கரியிலிருந்து வாயு பிரிய வேண்டுமானால் முதலில் அங்கிருக்கும் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். ஏற்கெனவே ஆற்றுநீருக்கு ஏங்கும் டெல்டா விவசாயிக்கு அந்த ஒரு வரி போதும். இயற்கை விவசாயி நம்மாழ்வார் இதற்கு எதிராக ஊர் ஊராகப் பேசிவந்தபோதுதான், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2020இல் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிதாக எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுப்பதைத் தடைசெய்தது.

அதே தமிழ்நாட்டில் இந்த வித்தை சத்தமில்லாமல் வேறொரு வேலையும் பார்க்கிறது. மாநிலத்தின் முக்கால் பங்கு கடினப் பாறை. அங்கே கைப்பம்பு வற்றினால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஹைட்ரோ பிராக்சரிங் வண்டி வரும். ஆழ்துளைக் குழிக்குள் ரப்பர் அடைப்பானை இறக்கி இறுக்கி, அடியில் தண்ணீரை அழுத்தத்தில் செலுத்துவார்கள். அடைபட்ட பாறை இடுக்குகள் கழுவப்பட்டு விரியும். பக்கத்து நீரூற்றோடு தொடர்பு கிடைத்தால் பம்பில் தண்ணீர் ஏறும். மணலும் இல்லை, மருந்தும் இல்லை.

ஒன்றைச் சட்டம் போட்டுத் தடுப்பதும், இன்னொன்றை வண்டியில் ஏற்றி அனுப்புவதும் ஒரே அரசுதான். இதில் முரண்பாடு இல்லை. இந்த வித்தை தண்ணீரையும் அழுத்தத்தையும் வைத்துப் பாறையைத் திறக்கும், அவ்வளவே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இப்போது இதே முறையில் சூடான பாறையைப் பிளந்து, நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க முனைந்திருக்கிறார்கள். பம்பும் துளைக்கருவியும் எந்த நாட்டுக்கும் கப்பலேறிப் போய்விடும். உள்ளே விட்ட தண்ணீர் எங்கே தங்குகிறது, மேலே வருவது யார் கைக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் ஒவ்வோர் ஊரும் தானேதான் விடை தேட வேண்டியிருக்கிறது.